சுவிஸ் நிருஜன்

"சித்தி, நான் நிருஜன் கதைக்கிறன். சுவிசிலயிருந்து."

சிவகௌரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுத் தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஆர், நிருஜனே? எங்கட நிருஜனே?"

"ஓம் சித்தி. அருட்பிரகாசம் சித்தப்பான்ர பெறாமகன். செத்தவீட்டுக்கு வர ஏலாமல் போச்சு. வேலையில லீவு தரேல்லை."

"அதுக்கென்ன அப்பன். நீ போன் எடுத்ததே பெரிய காரியம்."

எதிரே இருந்த ராஜலட்சுமி பிஸ்கட்டைப் பாதி கடித்தபடி நிமிர்ந்தாள். லண்டனின் பார்க்கிங் பகுதியில் சிவகௌரிக்குப் பக்கத்து வீடு, சேலத்துக்காரி. சிவகௌரியின் கணவர் அருட்பிரகாசம் போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து பின்னேரத் தேநீருக்குத் தவறாமல் வந்துவிடுவாள்.

அருட்பிரகாசம் கம்ப்யூட்டர் மனிதர். வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று ராஜலட்சுமி புலம்பியபோது, அவள் வீட்டுச் சாமி அலமாரிக்குள் இருந்த ரூட்டரை வெளியே எடுத்து வைத்தவர். "உள்ளுக்கு இருந்தால் அதுக்கு அருள் கிடைக்கும் தங்கச்சி, உங்களுக்குச் சிக்னல் கிடைக்காது." ஹைகேட் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களைக்கூட விடமாட்டார். "பிள்ளையின்ர பேரைப் பாஸ்வேர்டா வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டு மிரட்டுவார்.

"சித்தி," தொலைபேசிக் குரலில் அவசரம் ஏறியது. "சித்தப்பான்ர ஈமெயிலை ஆரோ ஹாக் பண்ணப் பாக்கிறாங்கள். எனக்கு இஞ்ச கம்ப்யூட்டர் செக்யூரிட்டியிலதான் வேலை. இப்ப சித்தப்பான்ர மொபைலுக்கு ஒரு கோட் வரும். அதை வாசியுங்கோ, நான் பூட்டிவிடுறன்."

ராஜலட்சுமி கடித்த பிஸ்கட்டைத் தட்டில் போட்டாள். அந்த ஈமெயில் எவன் கையில் சிக்குகிறதோ அவன் கையில் வங்கிக் கணக்கும் சிக்கும். அருட்பிரகாசம் விட்டுப்போன சேமிப்பு முழுவதும் அந்தக் கணக்கில்தான் என்று சிவகௌரியே சொல்லியிருந்தாள்.

"அக்கா, வச்சிடுங்க! ஃபிராடு!" என்று சைகையும் கிசுகிசுப்புமாகத் துடித்தாள்.

சிவகௌரி மியூட்டை அழுத்தினாள். "பொறுங்கோ ராஜி. பிள்ளை அவ்வளவு தூரத்திலயிருந்து எடுக்குது."

"பிள்ளையாவது! உங்க மரண அறிவித்தலைப் பார்த்துட்டுப் பேசுறான்க்கா. அதுல என்னதான் இல்ல? பொறந்த ஊரு, அப்பா அம்மா பேரு, மச்சான் பேரு, யாரு எந்த நாட்டுல இருக்காங்க, கடைசியில இந்த வீட்டு ஃபோன் நம்பரு! 'நிருஜன் (சுவிஸ்) அவர்களின் அன்புச் சித்தப்பாவும்'னு நானே இன்டர்நெட்ல படிச்சேனே."

"எங்கட ஆக்களில ஒருத்தற்ற பேர் விடுபட்டாலும் போச்சு. பிறகு கலியாணவீட்டுக்கும் வராயினம்."

"அதுக்காக? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த அண்ணனா அப்படி எழுதினாரு?"

"ஓம், ஆஸ்பத்திரியில இருந்துகொண்டு அவர்தான் எழுதினவர். ஒரு எழுத்தும் மாத்தாமல் போடச் சொன்னவர். போட்டன்."

மியூட் விலகியது.

"அப்பன், கொப்பற்ற முழங்கால் எப்பிடி?"

"அப்பாக்கு இப்ப பரவாயில்லை சித்தி."

"சின்னனில எங்கட கோழிக்கூட்டுக்குள்ள பூந்து இருந்துகொண்டு, வெளியில வரமாட்டனெண்டு அழுதியே, ஞாபகமே?"

"மறக்க ஏலுமே சித்தி! கோட் வந்திட்டுதோ?"

மேசையில் சார்ஜில் கிடந்த அருட்பிரகாசத்தின் மொபைல் டிங் என்றது. ராஜலட்சுமி பாய்ந்து எடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "என்னை எழுப்பிட்டு எடுத்துக்குங்க பார்ப்போம்!"

சிவகௌரி அவளை எழுப்பவில்லை. நிதானமாகக் கண்ணாடியை மாட்டினாள். "வந்திட்டுது அப்பன். எழுது. ஐஞ்சு... பூச்சியம்... பூச்சியம்... ஒண்டு..."

ராஜலட்சுமி திகைத்துப்போனாள். மொபைல் தன்னிடம் இருக்க, எதை வாசிக்கிறாள்? எட்டிப் பார்த்தாள். சிவகௌரியின் கையில் இருந்தது பிஸ்கட் பெட்டி. அதன் முதுகில் இருந்த பார்கோடு எண்களைத்தான் ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பிழையெண்டு காட்டுது சித்தி. வடிவாப் பாத்து வாசியுங்கோ."

இரண்டாம் முறை பால் போத்தலின் கடைசித் திகதி. மூன்றாம் முறை சுவரில் மாட்டியிருந்த கவுன்சில் கலண்டரில் குப்பை எடுக்கும் நாட்கள்.

"கண் தெரியேல்லை அப்பன். பொறு, நாலாம் தரம் வாசிக்கிறன். நீ எழுதுறியே?"

மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை. தொடர்பு அறுந்தது.

ராஜலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து மொபைலை எடுத்து மறுபடி சார்ஜில் போட்டாள். "என் உயிரே போயிடுச்சுக்கா! ஆமா, இவன் குரல் வேறன்னு கண்டுபிடிச்சீங்களா? அந்த உண்மையான நிருஜன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாவம், அவர் பேரைச் சொல்லி ஏமாத்துறாங்க."

"ஆரிட்டச் சொல்லுறது ராஜி? என்ர மனுசன் தாய்க்கு ஒரே பிள்ளை. எனக்கும் அக்கா தங்கச்சி இல்லை. அண்ணன் தம்பி இல்லாத மனுசனுக்குப் பெறாமகன் எங்கயிருந்து வாறது?"

சிவகௌரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நிருஜனெண்டு ஆர் எடுத்தாலும் உடனே போனை வையும் எண்டு சொல்லித்தான் அந்தப் பேரை எழுதினவர். உடனே வைக்கத்தான் எனக்கு மனம் வாறேல்லை. இவர் இப்பவும் பக்கத்தில இருந்து பகிடி விடுற மாதிரிக் கிடக்கு."