மேலே நிற்க ஆளில்லை

"பெரிய சரிவு இன்னைக்கு ஓடாதுங்க. மேலே நிக்க ஆளில்ல."

ஈஸ்வருக்குக் காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த கூட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போடிமெட்டு வரை அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி, பிள்ளைகள் வாந்தியெடுத்து, அவர்கள் வந்து இறங்கியதே அந்தப் பெரிய சரிவுக்காகத்தான். லாரி டியூப்பில் உட்கார்ந்து, மேட்டு உச்சியிலிருந்து புல்லில் வழுக்கிக்கொண்டே வந்து, அடிவாரத்தில் அடுக்கியிருக்கும் வைக்கோல் மூட்டையில் மோதி நிற்க வேண்டும். செல்போனில் பார்த்து ஆசைப்பட்டது அதைத்தான்.

திறந்திருந்ததோ சின்னச் சரிவு மட்டும். அதில் சறுக்குவதற்குப் பதில் நடந்தே இறங்கிவிடலாம்.

ஆளில்லாமல் அவன் என்ன செய்வான்? பெரிய சரிவுக்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் ஆளை ஒழுங்காக உட்காரவைத்து, நேராகத் தள்ளிவிட வேண்டும். கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கியதும் டிக்கெட் கிழிக்கிறவன் எஸ்டேட்டுக்குப் போனான். டியூப் சுமக்கிறவனும் போனான். அங்கே கூலி கூட.

கடைசியாக, மேலே நின்றுகொண்டிருந்த பொன்னுமணியும் போய்விட்டாள்.

அவள் கூலிக்காகப் போகவில்லை. கீழேயிருந்து பதில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு பையனைத் தள்ளிவிட்டாள் என்று, அத்தனை பேர் பார்க்க ஈஸ்வர் அவளைச் சத்தம் போட்டான். அவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். ரோட்டுக்குப் போய், பூப்பாறை ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அதுதான் அவள் ஊர். அங்கே தோட்டத்தில் பறிப்புக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

அன்றிலிருந்து இரண்டு விசிலும் அவன் கழுத்திலேயே கிடந்தன.

முதலாளி நேற்றுப் போனில் தன்மையாகத்தான் பேசினார். "இந்த ஞாயித்துக்கெழமையும் பெருசு ஓடலைன்னா, நான் வேற ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன் தம்பி. மனசுல வச்சுக்கிறாத."

மத்தியானம் நெருங்கியபோது, போடிக்குச் சாமான் வாங்க இறங்கும் எஸ்டேட் ஜீப்பு ஒன்று வாசலில் நின்றது. ஒருத்தி மட்டும் இறங்கினாள். ஜீப்பு போய்விட்டது.

இறங்கியவள் வரிசையில் வந்து நின்றாள். தன் முறை வந்ததும் டிக்கெட் ஜன்னலில் கையை நீட்டினாள்.

"ஒரு டிக்கெட்டு குடுங்க. பெரிய சரிவுக்கு."

விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. ஈஸ்வர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பெருசு ஓடல. மேலே நிக்க ஆளில்ல."

"இத்தன நாளாவா? ஒரு ஆளு கெடைக்கல?"

"கெடைக்கல."

பின்னால் குரங்குக் குல்லாய் போட்டிருந்த பெரியவர் பொறுமை இழந்தார். "யம்மா, வாங்குனா வாங்கிட்டு நகரும்மா!"

பொன்னுமணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வாடிப்போய் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

ஈஸ்வர் விசில் ஒன்றைக் கழற்றி அதில் வைத்தான்.

அவள் டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏற, கூட்டம் 'ஓ'வென்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

அதற்கப்புறம் ஈஸ்வருக்கு மூச்சுவிட நேரமில்லை. மேலே விசில் கேட்கும். இவன் பதிலுக்கு ஊதுவான். டியூப் புறப்படும். ஒன்றாவது கோணிக்கொண்டு போக வேண்டுமே! பிள்ளைகள், பிள்ளைகளின் அம்மாக்கள், வேன் டிரைவர் என்று எல்லோரும் நூல் பிடித்த மாதிரி அவன் கைக்கே வந்து சேர்ந்தார்கள். குல்லாய்ப் பெரியவர் வழியெல்லாம் "ஆத்தாடி, ஆத்தாடி" என்று அலறிக்கொண்டே வந்தார். எழுந்ததும் உடம்பில் ஒட்டிய வைக்கோலைக்கூடத் தட்டாமல் அடுத்த தடவைக்கு ஏறப் போய்விட்டார்.

சாயங்காலம் எல்லோரும் இறங்கி முடித்த நேரம். டியூப்களை அடுக்கலாம் என்று ஈஸ்வர் குனிந்தான்.

மேலே மறுபடி விசில் கேட்டது.

இனி யார் பாக்கி? புரியாமலேதான் பதிலுக்கு ஊதினான்.

பொன்னுமணி வந்துகொண்டிருந்தாள். சேலையைக் காலோடு சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. எத்தனையோ பேரைத் தள்ளிவிட்டிருக்கிறாள். தான் ஒருநாளும் இறங்கியதில்லை. பயம்.

அவளைத் தள்ளிவிட மேலே யாருமில்லை அல்லவா, டியூப் கோணிக்கொண்டுதான் வந்தது. ஈஸ்வர் குறுக்கே ஓடிப் பிடித்தான். பிடித்த வேகத்தில் இருவரும் வைக்கோலில் உருண்டார்கள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி அவன் சொன்னான்: "அன்னைக்கு நான் முன்னாடியே விசிலு ஊதிட்டேன். நீ சரியாத்தான் தள்ளிவிட்ட."

"தெரியும்." அவள் தலையிலிருந்த வைக்கோலை உதறினாள். "வீட்டுச் சாவியக் குடுங்க. நான் முன்னால போயி உலை வைக்கிறேன். வெரசா வந்து சேருங்க."

சாவியோடு போனவளைக் கேன்டீன் கருத்தம்மாள் வழிமறித்துப் பிடித்துக்கொண்டாள். மேலே நிற்கிற வேலைக்குக் கருத்தம்மாளின் தங்கச்சி மகள் வந்து கேட்டாளாம். குரங்கணியிலிருந்து ஒருத்தன் வந்தானாம். இன்னும் யார் யாரோ வந்தார்களாம். எல்லோரையும் ஈஸ்வர் ஒரே பதில் சொல்லித் திருப்பி அனுப்பினானாம்.

"ஆளு இருக்கு. ஊருக்குப் போயிருக்கு."