பாதியில் நின்றது

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும், அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவரும் மாட்டிக்கொண்டார்கள்.

"ஐயோ, வலி எடுத்துடுச்சு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" அவள் கதவைத் தட்டினாள்.

"பொறும்மா. மெக்கானிக் வந்தா ஒரே நிமிஷத்துல இறக்கிடுவான்," என்றார் பெரியவர்.

மெக்கானிக் வந்தான். வெளியே அவன் குரலைக் கேட்டதும் பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது. அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை.

"மோட்டார் போயிடுச்சும்மா. பிரேக்கைக் கையால தளர்த்தித்தான் இறக்கணும்," என்றான் மெக்கானிக்.

"சீக்கிரம் இறக்குங்கண்ணே!"

"அது எனக்குத் தெரியாதே."

"என்னது? லிஃப்ட் மெக்கானிக்தானே நீங்க?"

"தொழில் கத்துக்கிட்டது ஒரு சின்னக் கம்பெனியில. எல்லாத்தையும் சொல்லித்தந்த முதலாளி இதை மட்டும் மறைச்சுட்டார். முழுசாக் கத்துக்கிட்டா பெரிய கம்பெனிக்கு ஓடிருவேன்னு பயம். அப்படியும் ஓடிட்டேன்."

"அங்க சொல்லித்தரலையா?"

"எல்லாம் தெரிஞ்ச ஆளுன்னுதானே எடுத்தாங்க! இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அவள் வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த முதலாளிக்கே போன் போடுங்கண்ணே! உங்க கால்ல விழறேன்!"

"கண்டபடி திட்டுவார்... சரி, போடறேன்."

பெரியவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் போனை எடுத்தார்.

"முதலாளி! இங்க லிஃப்ட்ல நிறைமாசப் பொண்ணு ஒண்ணு..."

"தெரியும்டா. நானும் உள்ளதான் இருக்கேன். மேல மோட்டார் ரூமுக்கு ஓடு. பாக்கியைச் சொல்லித்தர்றேன்."