எல்லா வீட்டுக்கும் ஒரே கடிதம்

வாசல் கதவை வெட்டுக்கத்திகள் கொத்திக்கொண்டிருந்தன. உள்ளே எவெலியோ தன் அடியாள் நெஃப்தாலியின் மூக்கை உடைத்திருந்தான்.

"இந்த வீடு நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்டா தெரியும். எவன் காட்டிக் குடுத்தான்?"

"சத்தியமா நான் இல்லண்ணே."

'சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய். இல்லையேல் குடும்பத்தோடு சுடுவோம்' என்று எவெலியோவின் கும்பல் கடிதம் போட்டால், சான் பெத்ரோ சூலா நகரில் எந்தத் தெருவும் சத்தமில்லாமல் மூட்டை கட்டும். இந்தத் தெரு கத்தியோடு வந்திருக்கிறது.

"கடுதாசி அடிச்சது நீதானே? வெளிய போனியா? குடிச்சிட்டு உளறினியா?"

"எங்கயும் போகலண்ணே. கம்ப்யூட்டர்ல பழைய ஃபைல் ஒண்ணத் திறந்தேன். மேல இருந்தத அழிச்சிட்டு நம்ம மிரட்டலப் போட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

மீண்டும் குத்தினான். பல் ஒன்று தரையில் தெறித்தது.

கதவு விழுந்தது. தெருமுனையில் சோள ரொட்டி சுடும் ஓதிலியா முதல் வெட்டை எவெலியோவின் தோளில் இறக்கினாள். அவன் மண்டியிட்டான்.

"யாருடி வழி சொன்னது?"

"நீதான்டா."

கடிதத்தை அவன் முகத்தில் விட்டெறிந்தாள். மிரட்டலுக்குக் கீழே, அவன் மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் அழைப்பிதழில் இருந்தபடியே, ரோஜாப்பூக்களுக்கு நடுவே வீட்டு விலாசம் இருந்தது. அதனடியில் ஒரு வரி:

'தாங்கள் குடும்பத்துடன் தவறாமல் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். இவண், எவெலியோ.'