மங்கும் ஹெட்லைட்

"நாளுக்கு நாள் மங்குற ஹெட்லைட், ஒருநாள் நடுரோட்டுல அணைஞ்சிட்டா என்ன பண்றது?" என்று கணவன் கேட்ட நாளிலிருந்து, வண்டியைப் பட்டறையில் காட்டச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் பிள்ளைகளை ஏற்றும்போது இருட்டு விலகியிருக்காது. புது பேட்டரி போட்டும் வெளிச்சம் கூடவில்லை என்றான்.

பட்டறையில் மெக்கானிக் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு, மாப்ளே."

"அப்போ ஆல்டர்னேட்டர்தான் சார்ஜ் ஏத்தலை. பெல்ட்டைப் பாருங்கண்ணே" என்றான் அவன்.

மெக்கானிக் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு மறுபடி மீட்டரை வைத்தார். "பதினாலு வோல்ட் வருது. இதுக்கு மேல ஏத்தினா பேட்டரி வெந்துடும்!"

"எதையாவது மாத்துங்கண்ணே. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. வண்டி நிறைய பிள்ளைங்க!" என்றாள் அவள்.

மெக்கானிக் பட்டறைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு ஹெட்லைட்டைப் போட்டார். வேனுக்கு முன்னால் நின்றிருந்த அவள், கண் கூசி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற கணவன் அந்த விளக்கையே நேராகப் பார்த்தபடி, "பாத்தீங்களா? மெழுகுவத்தி இதைவிட நல்லா எரியும்" என்றான்.

மெக்கானிக் விளக்கையும் அவன் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஏன்டி முகத்தை மூடிக்கிட்டே? கண்ணு கூசுதா?"

"ஆமாங்க" என்றாள்.

அவன் இன்ஜினை அணைத்தான். சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.