வழியில் கிடந்த பூ

தெருமுனை வந்ததும் பெண்களை நிறுத்திவிட்டார்கள். "இதோட போதும்க்கா, மயானத்துக்குப் பொம்பளைங்க வரக்கூடாது" என்று தங்கபுஷ்பத்தை அவள் தம்பி கையை நீட்டி மறித்தான். மகள் எழிலரசியின் பாடை, வழியெல்லாம் பூ இறைத்தபடி, வளைவில் மறைந்தது. ஆண்கள் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது தங்கபுஷ்பம் செருப்புகூடப் போடாமல் வெளியே இறங்கினாள். மயானத்துக்கு எந்த வழி என்று இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. ஆனால் சாலை நெடுகப் பூ கிடந்தது. சாவுப் பூ என்று எல்லோரும் ஒதுங்கி நடந்த பூ. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டே நடந்தாள். லாரி ஏறிய சாமந்தி ஒன்று தாரோடு ஒட்டி, டயரின் வரி பதிந்து, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. நகத்தால் பெயர்த்தெடுத்தாள். மாலையில் இருந்தபோது இதற்கு இவ்வளவு மஞ்சள் இல்லை. "நசுங்கியும் எவ்வளவு அழகா இருக்கு பாருடி" என்றாள், மகள் பக்கத்தில் வருவதுபோல.

மயானத்து இரும்புக் கதவருகே காவல்காரர் பதறி எழுந்தார். "பொம்பளைங்க இங்க வர்ற வழக்கமில்லம்மா. யாரு உனக்கு வழி காட்டினது?"

அவள் மடியை விரித்துக் காட்டினாள். ஒன்றுகூட முழுப் பூ இல்லை.

"எம் பொண்ணு."

கதவுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு பூ கிடந்தது. அதற்கும் அப்பால் புகை.

"அதையும் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் காலை உள்ளே வைத்தாள்.