இழவு வீட்டிலிருந்து திரும்பும் வழி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குழந்தை ஏசு சாந்தோ நினோவின் காலைத் தொட்டுச் சத்தியம். பொய்யென்றால் அடுத்த கவளம் நெஞ்சிலேயே நிற்கட்டும்.

தொகுதி எம்.பி.யான காங்கிரஸ்மேன் ப்ருடென்சியோ குனிந்து, செத்துக் கிடந்த லபுஸின் முகத்தைப் பார்த்தபோது, சவப்பெட்டிமேல் விட்டிருந்த கோழிக்குஞ்சு கொத்துவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது.

கொலையுண்டவர் பெட்டிமேல்தான் குஞ்சு விடுவார்கள். அது பெட்டியின் கண்ணாடி மூடியைக் கொத்தக் கொத்த, செய்தவன் நெஞ்சு கொத்துப்படும்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல வெயில்.

இழவு வீடு அவருக்குப் புதிதல்ல. தொகுதியில் யார் செத்தாலும் பேர் போட்ட மலர்வளையம் முன்னால் போகும், அவர் பின்னால் போவார். அழுகிறவர்களோடு அழுவார், சீட்டாடுகிறவர்களோடு ஒரு கை ஆடுவார். அப்படித்தான் மூன்று தவணை ஜெயித்தார். அதற்குமேல் தொடர்ந்து நிற்கச் சட்டம் விடாது என்பதால் ஒரு தவணை மனைவி உட்கார்ந்து நாற்காலி ஆறாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் அவர்.

ஒவ்வொரு முறையும் எதிர்த்து நின்று தோற்றவர் லபுஸ். போன வாரம், மணிலாவிலிருந்து வந்த நிருபர்களை எதையோ நேரில் காட்டப் பினாகுரானுக்குக் கூட்டிப்போவதாக இருந்த காலையில், மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

காங்கிரஸ்மேன் வண்டியில் ஏறினார். அவர் முன்னால்தான் உட்கார்ந்தார்; பின்பக்கமும் அமுங்கியது.

இழவு வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது இறங்கி, ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டு, ஒட்டிக்கொண்டு வந்த ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள். இன்றைக்கு அதைத் தவறவே விடக் கூடாது. மகள் பெற்ற பிள்ளையைக் காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். முதல் பேரன். அவனுக்கும் ப்ருடென்சியோ என்றே பேர்.

சபையில் பேசி அவர் வாங்கிக் கொடுத்த பினாகுரான் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

முதலில் ரோசென்டாவின் சாப்பாட்டுக் கடை. அவள் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். வண்டியைக் கண்டதும் அவள் பலகைக் கதவை இறக்கினாள்.

"கடை லீவு, நினோங்!"

"அடுப்பு எரியுதே, பிள்ளே?"

"அதுவும் லீவுதான்!"

அடுத்தது சலூன். பாதி முகம் சிரைத்த ஆளை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்த ஆளும் வண்டியைப் பார்த்துவிட்டு, நுரையோடு கரும்புக்குள் ஓடினான்.

மாதா கோயிலைப் பாதிரியாரே தாழ்போட்டார். தாழ்ப்பாள் காங்கிரஸ்மேன் நன்கொடை.

"தாமியான், உன் வீட்டுக்கு விடுடா."

"வேணாங்க காங்," என்றான் டிரைவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். "மாமியார் இருக்காங்க."

"உன் மாமியாருக்குப் பேயின்னா பயமா?"

"பயமா? ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் லபுஸுக்கே ஓட்டுப் போட்டவங்க. வாங்க, உக்காருங்கன்னு இலை போட்டுருவாங்க. அப்புறம் நான் எங்க தூங்குறது?"

காங்கிரஸ்மேன் அதட்டினார். தாமியான் காது கேட்காதவன் போலத் தன் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போனான்.

பின்னாலிருந்து யாரோ மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்கள். மேடையேறிப் பேச ஆரம்பிக்கும்முன் லபுஸ் அப்படித்தான் செருமுவார்.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்றுத் தூரத்தில் அவருடைய வீட்டுக் கேட் தெரிந்தது. கேட்டில் மனைவி, கையில் வெள்ளைத் துணிச் சுருள். அதற்குள்ளிருந்து கட்டைவிரல் அளவுக் கையொன்றைப் பிடித்து அவள் ஆட்டிக்காட்டினாள்.

தாமியான் வேகத்தைக் குறைத்தான்.

பின்கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது.

"நிறுத்தாதே," என்றார் காங்கிரஸ்மேன்.

"வீடு வந்துருச்சுங்க, காங்."

"தெரியுதுடா. நிறுத்தாதே. போ."

மனைவியின் முகம் ஜன்னலைக் கடந்து போனது. அவள் இன்னும் அந்தச் சின்னக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். காங்கிரஸ்மேன் தன் கையைத் தூக்கவில்லை. பின்னாலிருப்பவர் பார்த்துவிடக் கூடாது.

கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்பியது.

"எதுவரைக்குங்க ஓட்டுறது?" என்று கேட்டான் தாமியான்.

"ரோடு முடியிற வரைக்கும்."

பினாகுரானுக்கு இன்றுவரை காகிதத்தில் தவிரச் சாலை கிடையாது. அங்கே இருப்பது ஒரு திறப்புவிழாக் கல்லும், அதற்குப் பின்னால் முழங்கால் அளவு வயல் சேறும்தான்.