முலாம் பூசிய வராகன்

"செம்பு. மேலே தங்க முலாம் பூசியிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார் ராஜகோபாலன். சொன்னவர் அந்தக் காசை மட்டும் மேசையில் வைக்கவில்லை. இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டே பேசினார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜமாலால் நம்ப முடியவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவர் ஜமால். காலையில்தான் கடைவீதிப் பத்தரிடம் காசைக் காட்டியிருந்தார்.

பத்தர் உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்துவிட்டு, "சொக்கத் தங்கம் பாய். ஆனா எந்தக் காலத்துக் காசு, என்ன பெறும்னு எனக்குத் தெரியாது. உங்க ஸ்ரீரங்கத்து பேங்க் சாரைக் கேளுங்க" என்றார். அந்த பேங்க் சார்தான் இப்போது செம்பு என்கிறார்.

ராஜகோபாலன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழங்காசு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஜமால் கடைக்கு எந்தக் காசு வந்தாலும், இத்தனை வருடமாக முதலில் சாரின் லென்சுக்குக் கீழேதான் போகும். சார் போலி என்றால் போலி, மறுபேச்சே கிடையாது.

இன்றும் அப்படித்தான் நம்பி வந்தார். காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் ஊர்ந்தபோது, சாரின் முகம் எப்படி மலரப்போகிறது என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"நல்லா பாருங்க சார். பெருமாளும் ரெண்டு நாச்சியாரும் இருக்காங்க. வராகன்தானே இது?"

"வராகன் மாதிரி பண்ணியிருக்கான். விளிம்பைப் பாரு, அச்சுல வார்த்த கோடு எப்படித் தெரியறது."

ஜமால் குனிந்து பார்த்தார். கோடும் இல்லை, கீடும் இல்லை. சற்றுமுன் எடை போட்டபோது தராசில் விழுந்த எண்ணை சார் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது.

சாரின் மருமகள் ஜாஹ்னவி காபி கொண்டுவந்தாள். "சாப்பிடுங்கோ அண்ணா" என்றவள் மாமனாரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.

"ஆமா, இது எங்கே கிடைச்சது?" என்றார் சார், ஏதோ பேச்சுக்குக் கேட்பது போல.

"எடைக்கு வந்த குத்துவிளக்குல சார். தண்டு ஆடிச்சேன்னு கழட்டினேன். உள்ளே அரக்கு வச்சு அடைச்சிருந்தாங்க. அதைச் சுரண்டினா, இது விழுந்துச்சு."

"விளக்கைப் போட்டவாளுக்கு விஷயம் தெரியுமோ?"

"அவங்களுக்கே தெரியாது சார்."

சாரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "தெரியவே வேண்டாம். போலியைப் போய்ச் சொல்லி அவாளை எதுக்கு அலைக்கழிக்கணும்?"

போலியாக இருந்தால் எதற்கு ஒளிக்க வேண்டும்? ஜமாலுக்கு இதற்கு முன்னால் கொண்டுவந்த காசுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வெறும் பித்தளை என்று சார் சொன்னது ஒன்று. தேய்ந்துபோனது, யாரும் சீண்ட மாட்டார்கள் என்றது இன்னொன்று. "பேரன் விளையாடட்டும், வெச்சுட்டுப் போ" என்பார். ஜமாலும் வைத்துவிட்டு, அவர் சிரமத்துக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நன்றியை நினைக்கும்போதுதான் தாங்க முடியவில்லை.

ஒருவேளை வயதாகிவிட்டதால் சாரின் கண் ஏமாற்றியிருக்குமோ? அப்படி இருந்துவிடக்கூடாதா என்று மனம் அப்போதும் அடித்துக்கொண்டது.

"சார், கடைசியா ஒரு தடவை கேக்கறேன். நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புவேன். நெசமாவே இது போலியா?"

ராஜகோபாலன் லென்சைத் துடைத்து உறைக்குள் போட்டார். "பெருமாளைச் சேவிக்கிற வாய் இது. உன்கிட்ட நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

ஜமால் முன்னால் காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடவும் மனம் வரவில்லை.

சார் சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "வெறுங்கையோட போகாதே. கொலு பொம்மைக்குக் கழுத்துல கட்டறதுக்கு ஆகும், இது இங்கயே இருக்கட்டும்."

"பணம் வேணாம் சார். காசை நீங்களே வச்சுக்குங்க."

சார் வியப்பு தாங்காமல் எழுந்தே விட்டார். காசு அதற்குள் அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. "சும்மாவா கொடுக்கறே? உன்னை மாதிரி மனுஷாளை இந்தக் காலத்துல பார்க்க முடியுமோ?"

ஜமால் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உங்ககிட்ட கொடுத்துட்டுப் போகத்தான் சார் வந்ததே."

"எனக்கா? எனக்கு எதுக்குப்பா?"

"போன வாரம் நீங்க ஊர்ல இல்லாதப்ப, பரண்ல கிடந்த பழைய விளக்கை எடைக்குப் போட்டது உங்க மருமகதான் சார்."